செம்பனைத் தோட்டமும் மண்ணின் மின்சுமையும்

பாமாயில் என்ற பெயரைக் கேட்டறியாத மாணவர் தமிழ்நாட்டில் இருக்கமாட்டார். நியாயவிலைக் கடைகளில் வழங்கப்படும் இந்த எண்ணெயில் பெரும்பகுதி மலேசியாவிலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் கப்பலில் வருகிறது. இதைத் தரும் மரத்தை நம் நூல்கள் எண்ணெய்ப் பனை என்று குறிக்கும். மலேசியத் தமிழர்கள் அதற்குச் ‘செம்பனை’ என்று பெயர் சூட்டியிருக்கிறார்கள். பழுத்த குலையின் நிறத்தைப் பார்த்தவர்களுக்கு வேறு பெயர் தோன்றாது. அந்தத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக உழைத்தவர்களில் தமிழரின் பங்கு பெரிது. ஆகவே அவர்கள் வைத்த பெயரையே நாமும் வழங்குவோம்.

உரம் என்பது வேளாண்மை அறிஞரின் கவலை, இயற்பியல் ஆசிரியருக்கு அங்கே என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். மண்ணில் இட்ட உரம் மரத்துக்குக் கிடைக்குமா, மழையோடு போய்விடுமா என்பதைத் தீர்மானிப்பவற்றுள் முதன்மையானது மின்சுமை. ஓரினச் சுமைகள் விலக்கும், வேற்றினச் சுமைகள் கவரும் என்று பள்ளியில் படித்தோம் அல்லவா? மலேசியாவில் ஏறத்தாழ 56 லட்சம் ஹெக்டேர் செம்பனைத் தோட்டங்களில் அந்தப் பாடம்தான் இரவும் பகலும் நடந்துகொண்டிருக்கிறது. அதில் இலாபமும் உண்டு, நட்டமும் உண்டு.

செம்பனையின் தாயகம் மேற்கு ஆப்பிரிக்கா. 1848-ல் நான்கு கன்றுகள் ஜாவாத் தீவில் போகோர் தாவரவியல் பூங்காவில் நடப்பட்டன. தென்கிழக்கு ஆசியத் தோட்டங்களுக்கு நெடுங்காலம் விதை தந்தவை அவற்றின் வழித்தோன்றல்களே. மலாயாவில் வணிக நோக்குடன் முதல் செம்பனைத் தோட்டம் 1917-ல் சிலாங்கூரில் தெனமாரம் எஸ்டேட்டில் அமைந்தது. அமைத்தவர் ஹென்றி ஃபொக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர். (இவர் எழுத்தாளரும்கூட. மலாயாவைப் பற்றி எழுதிய நாவலுக்கு 1930-ல் பிரான்சின் கோன்கூர் பரிசு பெற்றார்.) 1960-களில் ரப்பரின் விலை சரிந்தபோது, பல தோட்டங்கள் ரப்பர் மரங்களை வெட்டிவிட்டுச் செம்பனைக்கு மாறின. ரப்பர் மரம் மண்ணிடம் அதிகம் கேட்பதில்லை. செம்பனை நிறையக் கேட்கும்.

எவ்வளவு கேட்கிறது?

ஒரு டன் பழக்குலையில் ஏறத்தாழ 2.9 கிலோ நைட்ரஜன், 0.4 கிலோ பாஸ்பரஸ், 3.7 கிலோ பொட்டாசியம், 0.8 கிலோ மக்னீசியம் இருப்பதாக 1960-களில் மலாயாவில் நடந்த பகுப்பாய்வுகள் காட்டின. இன்றும் அந்த எண்களையே கையாளுகிறார்கள். நன்கு பராமரிக்கப்படும் தோட்டத்தில் ஒரு ஹெக்டேரில் ஆண்டுக்கு 25 டன் குலை வெட்டலாம். பெருக்கிப் பாருங்கள். நைட்ரஜன் ஏறத்தாழ 73 கிலோ, பொட்டாசியம் 93 கிலோ. நெல் வயலில் நாம் முதலில் எண்ணுவது தழைச்சத்தை. செம்பனையில் முதலிடம் பொட்டாசியமாகிய சாம்பல் சத்துக்கு. வளரும் அடிமரத்துக்குள் போய்த் தங்கும் சத்து இக்கணக்கில் சேரவில்லை. 1981-ல் கேமரூன் நாட்டிலிருந்து ஒரு சின்னஞ்சிறு மகரந்த வண்டைக் கொண்டுவந்து மலேசியத் தோட்டங்களில் விட்டார்கள். அதன்பின் பழம் பிடிப்பது கூடிற்று, குலை கனத்தது. கூடவே மண்ணிலிருந்து வெளியேறும் சத்தும் கூடிற்று.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 25 டன் குலையைப் பிழிந்தால் 5 டன் அளவுக்கு எண்ணெய் கிடைக்கும். அந்த எண்ணெயைப் பகுத்தால் காண்பவை ஏறத்தாழ முழுவதும் கார்பன், ஹைட்ரஜன், ஆக்சிஜன் என்ற மூன்றே. மூன்றும் காற்றிலிருந்தும் நீரிலிருந்தும் வந்தவை. எண்ணெயாகக் கப்பலேறுவது வெயிலும் காற்றும் மழையும்தான். மண்ணின் சத்தில், பருப்போடும் பிண்ணாக்கோடும் செல்லும் சிறு பகுதி போக, மற்றது ஆலையிலேயே நின்றுவிடுகிறது. அப்படியானால் ஆண்டுதோறும் ஏன் கப்பல் கப்பலாக உரம் வாங்க வேண்டும்?

இரண்டு காரணங்கள். ஆலையில் நின்ற சத்து முழுவதும் தோட்டத்துக்குத் திரும்புவதில்லை. அதைவிட முக்கியமாக, தோட்டத்தில் இட்ட உரம் முழுவதும் வேருக்குப் போய்ச் சேர்வதில்லை. இரண்டாவதை முதலில் பார்ப்போம்.

இது சிறு செய்தி அன்று. தோட்டப் பராமரிப்பில் உரமே மிகப் பெரிய ஒற்றைச் செலவு. மலேசியாவில் பொட்டாஷ் சுரங்கம் கிடையாது. கனடா, ரஷ்யா, பெலாரஸ் போன்ற நாடுகளிலிருந்து அது வர வேண்டும். 2022-ல் உக்ரைன் போர் தொடங்கியபின் பொட்டாஷ் விலை கடுமையாக ஏறியபோது சிறு தோட்டக்காரர்கள் பலர் உரத்தைக் குறைத்தார்கள். உரத்தைக் குறைத்தவுடன் மரம் காட்டிக்கொடுக்காது. ஒரு பூங்கொத்து ஆணாவதா, பெண்ணாகிக் குலையாவதா என்பது அறுவடைக்கு ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே முடிவாகிவிடுகிறது. இன்று செய்த சிக்கனத்தின் விலையை இரண்டு ஆண்டு கழித்துத்தான் கொடுக்க வேண்டியிருக்கும்.

தாம்சனின் குழாய்

1850-ல் தாம்சன் என்ற இங்கிலாந்துப் பண்ணையாளர் தாம் செய்த சோதனை ஒன்றை வெளியிட்டார். ஒரு கண்ணாடிக் குழாயில் மண்ணை நிரப்பி, அதில் அம்மோனியம் சல்பேட் சேர்த்து, மேலிருந்து நீர் ஊற்றினார். அடியில் வடிந்த நீரில் அம்மோனியம் சல்பேட்டின் பெரும்பகுதியைக் காணோம். அதற்குப் பதிலாகக் கால்சியம் சல்பேட், அதாவது ஜிப்சம், வந்திருந்தது. வே என்ற வேதியியலர் இதை மேலும் ஆராய்ந்தார். மண் அம்மோனியத்தைப் பிடித்துக்கொண்டு, அதற்குச் சமமான அளவு கால்சியத்தை வெளியே விடுகிறது. சல்பேட்டையோ அது தொடுவதே இல்லை என்று அவர் கண்டார். அர்ரீனியஸ் தம் அயனிக் கொள்கையை வெளியிட இன்னும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்தன. ஆகவே ஏன் இப்படி நிகழ்கிறது என்று அவரால் சொல்ல முடியவில்லை.

இன்று நமக்குத் தெரியும். களிமண் துகள் ஒவ்வொன்றும் மிக மெல்லிய தாள்களின் அடுக்கு. தாளுக்குள் சிலிக்கான் அணு இருக்க வேண்டிய சில இடங்களில், படிகம் உருவானபோதே அலுமினியம் அமர்ந்துவிட்டது. வேறு சில இடங்களில் அலுமினியத்துக்குப் பதில் மக்னீசியம். சிலிக்கானின் நேர்மின்சுமை நான்கு, அலுமினியத்துக்கு மூன்று, மக்னீசியத்துக்கு இரண்டு. ஒவ்வொரு மாற்றத்திலும் ஒரு நேர்ச்சுமை குறைவதால் தாள் முழுவதும் எதிர்மின்சுமை பெற்றுவிடுகிறது. கால்சியம், மக்னீசியம், பொட்டாசியம், அம்மோனியம் ஆகிய நேரயனிகள் அதன் மேற்பரப்பில் ஈக்கள்போல மொய்த்து நிற்கின்றன. மழைநீர் மட்டும் வந்தால் அவை நகர்வதில்லை. வேறொரு நேரயனி வந்தால் இடம் மாற்றிக்கொள்கின்றன. வேர் செய்வதும் இதுவே. ஹைட்ரஜன் அயனியைக் கொடுத்துப் பொட்டாசியத்தை வாங்கிக்கொள்கிறது.

இதை நீங்களே பார்க்கலாம். ஒரு பிளாஸ்டிக் புட்டியின் அடியை வெட்டியெடுத்துக் கவிழ்த்து, வாயில் பஞ்சை அடைத்து, தூளாக்கிய கரிசல் மண்ணையோ வண்டலையோ நிரப்புங்கள். (செம்மண் வேண்டாம், காரணம் பின்னால் வரும்.) மருந்துக் கடையில் கிடைக்கும் ஜென்ஷியன் வயலட் சில துளிகளை ஒரு குவளை நீரில் கலந்து மெல்ல ஊற்றுங்கள். அதில் நிறம் தருவது ஒரு நேரயனி. மண் அதைப் பிடித்துக்கொள்ளும். கீழே வடியும் நீரில் ஊதா நிறம் இராது. பள்ளி ஆய்வகத்தில் இயோசின் சாயம் இருந்தால் அதை வேறொரு புட்டியில் இவ்வாறே ஊற்றுங்கள். அது எதிரயனி. சிவப்பு நிறம் மண்ணைத் தாண்டி வடிந்து வரும். கழுவிய ஆற்று மணலிலும் செய்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஒரு மண் எவ்வளவு நேரயனிகளைப் பிடிக்கும் என்பதைக் கிலோவுக்கு இத்தனை செண்டிமோல் மின்சுமை என்று அளப்பார்கள். இதனை நேரயனி மாற்றுத் திறன் என்பர். ஒரு மண்ணின் மாற்றுத் திறன் 5 என்று கொள்வோம். ஒரு மோல் மின்சுமை 96,500 கூலூம். எனவே ஒரு கிலோ மண்ணில் 4,825 கூலூம். ஒரு ஆம்பியர் மின்னோட்டம் 80 நிமிடம் ஓடினால் கடந்துசெல்லும் மின்சுமை இது. அவ்வளவு சுமை இருந்தும் மண்ணைத் தொட்டால் அதிர்ச்சி தாக்காததற்குக் காரணம், ஒவ்வொரு எதிர்ச்சுமைக்கு எதிரிலும் ஒரு நேர்ச்சுமை நிற்பதுதான். கணக்கு எப்போதும் சரிக்குச் சரி.

மழை தின்ற மண்

மாற்றுத் திறன் 5 என்பது நான் கற்பனையாக எடுத்த எண் அன்று. மலேசியாவின் உள்நாட்டுக் குன்றுப் பகுதிகளில், கருங்கல் சிதைந்து உண்டான மண்ணை ரெங்கம் வகை என்பார்கள். ரெங்கம் என்பது ஜொகூரில் உள்ள ஓர் ஊர். அம்மண்ணின் திறன் பெரும்பாலும் இந்த அளவில்தான் நிற்கிறது. மேற்குக் கரையில் கடற்சேற்றிலிருந்து உண்டான சிலாங்கூர் வகைக் களிமண்ணுக்கு 20-க்கும் மேல்.

ஏன் இவ்வளவு வேறுபாடு? ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை, ஆண்டு முழுவதும் வெப்பம், இப்படியே பல்லாயிரம் ஆண்டுகள். சிலிக்காவும் கால்சியமும் கரைந்து கடலுக்குப் போயின. எஞ்சியவை கேயோலினைட் என்ற எளிய களிமண்ணும், இரும்பு, அலுமினிய ஆக்சைடுகளுமே. கேயோலினைட்டில் முன் சொன்ன அணு மாற்றம் மிகக் குறைவு. மான்ட்மொரில்லோனைட் என்னும் களிமண்ணின் மாற்றுத் திறன் 80 முதல் 120 வரை. கேயோலினைட்டுக்கு 3 முதல் 15 வரை.

இதோடு முடியவில்லை. கேயோலினைட்டின் ஓரங்களிலும் ஆக்சைடுகளின் மேற்பரப்பிலும் ஹைட்ராக்சில் தொகுதிகள் இருக்கின்றன. மண்ணில் அமிலம் குறைவாக இருந்தால் இவை ஹைட்ரஜனை இழந்து எதிர்மின்சுமை பெறும். அமிலம் மிகுந்தால் ஹைட்ரஜனை ஏற்று, சுமை இழந்து, கடைசியில் நேர்மின்சுமையே பெற்றுவிடும். ஆக, இம்மண்ணின் மின்சுமை நிலையானதன்று; பி.எச். எண்ணோடு ஏறி இறங்குவது. மலேசிய உள்நாட்டு மண்ணின் பி.எச். பெரும்பாலும் 4-க்கும் 5-க்கும் இடையில். அந்த நிலையில் இரும்பு ஆக்சைடுகள் நேர்மின்சுமையோடு நிற்கும். உங்கள் சோதனைக்குச் செம்மண் வேண்டாம் என்றது இதனால்தான். அதில் இரும்பு ஆக்சைடு மிகுதி. இயோசினிலும் ஒரு பகுதியைப் பிடித்து வைத்துக்கொண்டு உங்களைக் குழப்பும்.

பி.எச். 5-க்குக் கீழே இறங்கினால் இன்னொரு தொல்லையும் சேர்கிறது. களிமண்ணே சிறிது கரைந்து அலுமினிய அயனியை வெளியிடுகிறது. அது மூன்று சுமை உடையது, பொட்டாசியத்துக்கு ஒன்றுதான். மூன்று சுமை உடையதைக் களிமண் எவ்வளவு இறுகப் பற்றும் என்று கூலூம் விதியைக் கொண்டு நீங்களே ஊகிக்கலாம். இருக்கும் இடங்களில் பெரும்பாலானவற்றை அலுமினியம் பிடித்துக்கொள்ள, பொட்டாசியமும் மக்னீசியமும் நிற்க இடமின்றித் தவிக்கின்றன.

மூன்று உரம், மூன்று கதி

இப்போது இந்த மண்ணில் உரம் இடுவோம்.

முதலில் நைட்ரஜன். அம்மோனியம் சல்பேட்டாக இட்டால் அம்மோனியம் நேரயனி, மண் பிடித்துக்கொள்ளும். ஆனால் சில வாரங்களில் மண்ணின் பாக்டீரியாக்கள் அதை நைட்ரேட்டாக மாற்றிவிடும். நைட்ரேட் எதிரயனி. எதிர்மின்சுமை கொண்ட மண் அதை விலக்கும். அடுத்த பெருமழையில் அது வேருக்குக் கீழே போய்விடும். (ஆழத்தில் ஆக்சைடு மிகுந்த அடுக்குகளில் நேர்மின்சுமை இருந்தால் கொஞ்சம் தடைபட்டு நிற்கும்.) நீர் தேங்கிய இடங்களில் வேறு பாக்டீரியாக்கள் நைட்ரேட்டின் ஒரு பகுதியை நைட்ரஸ் ஆக்சைடு வாயுவாக்கி வானுக்கு அனுப்புகின்றன. அது எடைக்கு எடை கார்பன் டை ஆக்சைடைவிட 270 மடங்கு வெப்பத்தைச் சிறைப்படுத்துவது.

ஓர் அம்மோனியம் அயனி நைட்ரேட்டாகும்போது இரண்டு ஹைட்ரஜன் அயனிகள் பிறக்கின்றன. வேர் அந்த நைட்ரேட்டை உறிஞ்சினால் அதில் ஒரு பங்கு சமன்படும். நைட்ரேட் ஓடிவிட்டாலோ அமிலம் முழுவதும் மண்ணிலேயே தங்கிவிடும். அதோடு, நீர் என்றும் மின்நடுநிலையிலேயே இருக்க வேண்டும். ஓடும் நைட்ரேட் தனியே ஓட முடியாது. துணைக்கு ஒரு கால்சியத்தையோ மக்னீசியத்தையோ பொட்டாசியத்தையோ கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுதான் போகும். தாளில் கணக்குப் போட்டால் 1 கிலோ அம்மோனியம் சல்பேட்டின் அமிலத்தை முழுவதும் சமன்செய்ய 1.5 கிலோ சுண்ணாம்புக்கல் தேவைப்படுகிறது. அமிலம் ஏறினால் மண்ணின் மின்சுமை குறையும் என்று மேலே கண்டோம். ஆக, மரத்துக்கு உணவாக இட்ட உரம், அடுத்த முறை இடும் உரத்தைப் பிடித்து வைக்கும் திறனையே அரித்துவிடுகிறது. இந்தப் பாடத்தில் மிகவும் கவனிக்க வேண்டிய இடம் இது என்பது என் கருத்து.

யூரியா இட்டால் அமிலம் இதில் பாதிதான். ஆனால் அது மண்ணின் மேல் கிடந்து வெயில் காய்ந்தால் அம்மோனியா வாயுவாகப் பறந்துவிடும். யூரியாவுக்குத் தூறல் வேண்டும், பெருமழை கூடாது. வானம் எப்போதும் அப்படி ஒத்துழைப்பதில்லை.

இரண்டாவது பொட்டாசியம். இதைக் குளோரைடாக, பொட்டாஷ் உரமாக இடுகிறார்கள். மண் பிடிக்கும், ஆனால் தளர்ந்த கையால் பிடிக்கும். அளவுக்கு மீறி இட்டால், எண்ணிக்கையின் வலிமையால் பொட்டாசியம் மக்னீசியத்தைத் தள்ளிவிடும். பச்சையத்தின் மையத்தில் இருப்பது மக்னீசியம் அல்லவா? அது குறைந்தால் மரம் பழைய மட்டைகளிலிருந்து எடுத்துப் புதிய மட்டைகளுக்குக் கொடுக்கும். அடி மட்டைகள் ஆரஞ்சு நிறமாகும். ஒரே ஓலையில் வெயில் படும் பகுதி ஆரஞ்சாகவும், மேலே உள்ள ஓலையின் நிழல் விழுந்த பகுதி பச்சையாகவும் இருக்கும். மக்னீசியக் குறைவை இவ்வாறு அடையாளம் காணலாம். இதற்கு மருந்து கீசரைட் என்ற மக்னீசியம் சல்பேட் உரம். பொட்டாசியமே குறைந்தால் ஓலையில் ஆரஞ்சுப் புள்ளிகள் தோன்றிப் பெருகும். நிழலுக்கும் அதற்கும் தொடர்பில்லை.

மூன்றாவது பாஸ்பரஸ். பாஸ்பேட்டும் எதிரயனிதான், நைட்ரேட்டைப் போல ஓட வேண்டும். ஆனால் ஓடுவதில்லை. இரும்பு, அலுமினிய ஆக்சைடுகளோடு அது வேதிப் பிணைப்பே கொண்டு இறுகிவிடுகிறது. வேருக்கும் எளிதில் கிடைக்காது. இங்கே அமில மண்ணால் ஒரு நன்மை உண்டு. நம் ஊர்க் கரிசலில் கரையாமல் கிடக்கும் பாறைப் பாஸ்பேட் தூளை, அந்த அமிலமே மெல்ல மெல்லக் கரைத்துத் தருகிறது. விலை குறைந்த அத்தூளைக் கிறிஸ்துமஸ் தீவிலிருந்து மலாயாத் தோட்டங்கள் நெடுங்காலம் வாங்கி வந்தன.

வட்டத்துக்குள் ஒரு கணக்கு

செம்பனையை 9 மீட்டர் இடைவெளியில் முக்கோண முறையில் நடுவார்கள். ஒரு மரத்துக்குக் கிடைக்கும் பரப்பு ஏறத்தாழ 70 சதுர மீட்டர். ஹெக்டேருக்கு 142 மரம். மரத்தடியில் ஏறத்தாழ 1.8 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தைக் களை நீக்கிச் சுத்தமாக வைப்பார்கள். உதிர்ந்த பழம் பொறுக்க அது வசதி. உரத்தையும் அந்த வட்டத்திலேயே வீசுவது பழைய வழக்கம். இடுப்பில் உரச் சட்டியை அணைத்துக்கொண்டு, வரிசை வரிசையாக நடந்து அதை வீசியவர்களில் தமிழ்ப் பெண்கள் மிகப் பலர்.

அந்த வட்டத்தின் பரப்பு 10 சதுர மீட்டர். மேல் 15 சென்டிமீட்டர் ஆழத்தில் உள்ள மண் ஏறத்தாழ 2,000 கிலோ. மாற்றுத் திறன் 5 ஆனால், 100 மோல் மின்சுமை. அதில் முக்கால் பங்கை அலுமினியம் ஆக்கிரமித்திருந்தால் மற்ற எல்லாவற்றுக்கும் சேர்த்து மிச்சம் 25 மோல். ஒரு மரத்துக்கு ஓராண்டுக்கான பொட்டாஷ் 3 கிலோ என்று கொண்டால், அதில் பொட்டாசியம் ஏறத்தாழ 1.5 கிலோ. 39 ஆல் வகுத்தால் 38 மோல். ஒரே தடவையில் வீசினால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. 25 பேர் உட்காரும் பேருந்தில் 38 பேர் ஏறுகிறார்கள். ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும் மக்னீசியத்தை எழுப்பிவிட்டுத்தான் ஏற வேண்டும்.

இதை மாற்ற இரண்டு வழி. உரத்தைப் பிரித்து இரண்டு மூன்று தவணைகளாக, பெருமழை மாதங்களைத் தவிர்த்து இடுவது ஒன்று. கிழக்குக் கரையில் நவம்பர் முதல் சனவரி வரை வடகிழக்குப் பருவமழை கொட்டும்போது உரச் சாக்கைப் பிரிப்பது ஆற்றுக்கு உரமிடுவதாகும். வட்டத்தை விட்டு வெளியே பரப்பி இடுவது மற்றொன்று. வளர்ந்த மரத்தின் வேர் வரிசைகளுக்கிடையே எங்கும் ஓடுகிறது. அங்கே ஆறு மடங்கு மண் காத்திருக்கிறது. செம்பனையில் ஆண்டுக்கு ஏறத்தாழ 24 மட்டைகள் வெட்டப்பட்டு வரிசைகளுக்கிடையே குவிக்கப்படுகின்றன. அவை மட்கி மண்ணாகும் இடமே உரம் இட மிகச் சிறந்த இடம். மட்கின் மாற்றுத் திறன் நடுநிலை மண்ணில் 200-க்கும் மேல். அமில மண்ணில் அது பாதியாகக் குறையும் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் மண்ணில் ஒரு விழுக்காடு மட்கு கூடினால் திறனில் 1 கூடும். 5 என்பது 6 ஆவது கேட்கச் சிறிது. ஆனால் அது 20 விழுக்காடு உயர்வு. மரம் சிறிதாக இருக்கும் ஆண்டுகளில் பயறுவகைக் கொடிகளை மூடுபயிராகப் படரவிடுவதும் இதற்காகவே. அவை நைட்ரஜனையும் சேர்க்கும், மழைத் துளியின் அடியையும் தாங்கும்.

பதினேழாம் மட்டை

மரத்துக்கு என்ன குறை என்பதை மரத்தையே கேட்க ஒரு முறை உண்டு. முழுதாக விரிந்த இளைய மட்டையை 1 என்று எண்ணி, மூத்தவற்றை நோக்கி எண்ணிச் சென்று 17-ஆம் மட்டையின் நடுப்பகுதி ஓலைகளை எடுத்துப் பகுப்பாய்வு செய்கிறார்கள். ஏன் 17? ஒவ்வொரு புதிய மட்டையும் முந்தையதிலிருந்து ஏறத்தாழ 137.5 பாகை திரும்பி முளைக்கிறது. எட்டு மட்டைகள் கடந்தால் 1,100 பாகை. மூன்று முழுச் சுற்றும் 20 பாகையும். ஆகவே 1-க்குக் கீழே சற்றே விலகி 9, அதன் கீழே 17, பிறகு 25 என்று ஒரே சுருளில் வரும். மரத்தடியில் நிற்கும் தொழிலாளி 17 வரை எண்ணத் தேவையில்லை. சுருளைப் பிடித்து மூன்றாவதை எடுத்தால் போதும். மாதத்துக்கு இரண்டு மட்டை என்று கொண்டால் அதன் வயது எட்டு மாதம். மிக இளசும் அன்று, முதிர்ந்ததும் அன்று. வளர்ந்த மரத்தில் நைட்ரஜன் சுமார் 2.5 விழுக்காடு, பாஸ்பரஸ் 0.15, பொட்டாசியம் 1 என்ற அளவுகளுக்குக் கீழே இறங்கினால் கவலைப்பட வேண்டும். பெரிய தோட்டங்கள் ஆண்டுக்கொருமுறை இதைச் செய்கின்றன. சில ஏக்கர் வைத்திருப்பவருக்கு இந்த வசதி எளிதில் கிட்டுவதில்லை. பக்கத்துத் தோட்டம் என்ன இட்டதோ அதையே அவரும் இடுகிறார். பக்கத்துத் தோட்டத்து மண்ணின் மின்சுமை வேறாக இருக்கலாம்.

எல்லா நோய்க்கும் உரம் மருந்தாகாது என்பதற்கு மேற்குக் கரையே சான்று. அங்கே அலையாத்திக் காடுகளின் பழைய சேற்றில் பைரைட் என்ற இரும்பு சல்பைடு புதைந்திருக்கிறது. நீருக்கடியில் இருக்கும்வரை அது சாது. ஆழமாக வடிகால் வெட்டிக் காற்றுப் பட விட்டால் ஆக்சிஜனோடு சேர்ந்து கந்தக அமிலமாகும், பி.எச். 3.5-க்கும் கீழே இறங்கிவிடும். நன்றாக வடித்தால் நன்றாக விளையும் என்று எண்ணி வெட்டிய வடிகால்களே மரங்களை வாட்டின. 1960-களிலும் 70-களிலும் வடிகால்களுக்குத் தடுப்பு வைத்து, நீர்மட்டத்தைப் பைரைட் அடுக்குக்கு மேலே நிறுத்திப் பார்த்தார்கள். மரங்கள் தேறின. செலவு சில பலகைகளும் மண்மூட்டைகளும்.

ஆலையில் நின்ற சத்து

இனி, தொடக்கத்தில் ஆலையில் விட்டுவந்த சத்துக்குத் திரும்புவோம். பழம் உதிர்த்தபின் எஞ்சும் வெறுங்குலை, வந்த குலையின் எடையில் ஏறத்தாழ 22 விழுக்காடு. குலையில் வந்த பொட்டாசியத்தில் பாதி இதிலேயே இருக்கிறது. முன்பு இதை எரித்துச் சாம்பலாக்கினார்கள். சாம்பல் நல்ல பொட்டாஷ் உரம், காரமும்கூட. அமில மண்ணுக்கு ஏற்றது. ஆனால் நைட்ரஜனும் கரிமப் பொருளும் புகையாய்ப் போயின. ஊரும் புகையில் மூச்சுத் திணறியது. 1974-ல் மலேசியா சுற்றுச்சூழல் தரச் சட்டம் இயற்றியது. 1977-ல் செம்பனை ஆலைக் கழிவுநீருக்கு விதிகள் வந்தன. பிறகு எரிப்பதும் படிப்படியாகக் கைவிடப்பட்டது. இப்போது வெறுங்குலையை அப்படியே தோட்டத்தில் பரப்புகிறார்கள். ஈரமான ஒரு டன் வெறுங்குலையில் ஏறத்தாழ 8 கிலோ பொட்டாசியம் உண்டு. அது மட்கும்போது மண்ணுக்குப் புது மின்சுமையும் கிடைக்கிறது. ஆலை முற்றத்தில் மழையில் குவித்து வைத்தால் மட்டும் பயனில்லை. பொட்டாசியம் திசுவோடு ஒட்டியிராமல் சாற்றில் கரைந்திருப்பதால் சில மழையிலேயே கழுவிப் போய்விடும்.

ஹெக்டேருக்கு 40 டன் வெறுங்குலை பரப்புவது வழக்கம். 25 டன் குலை தரும் ஒரு ஹெக்டேரிலிருந்து திரும்புவதோ 5.5 டன். ஆகவே ஆண்டுதோறும் தோட்டத்தில் ஏழில் ஒரு பங்குக்குத்தான் முறை வரும். எந்தப் பங்கு முதலில் என்பதை மண்ணின் மாற்றுத் திறனைப் பார்த்து முடிவு செய்தால், 20-க்கும் மேல் உள்ள கரையோரக் களிமண் கடைசியிலும், 5 மட்டுமே உள்ள ரெங்கம் வகைக் குன்று மண் முதலிலும் வர வேண்டும். ஆனால் டிராக்டர் வண்டி சரிவில் ஏறாது. ஆலைக்குப் பக்கத்தில் உள்ள சமதரைக்கே மறுபடியும் மறுபடியும் வெறுங்குலை போய்ச் சேர்கிறது. குன்றின் மேல் ஆள் தலையில் சுமந்து ஏற்றினால்தான் உண்டு.